தற்கொலையால் ஒருவரை இழந்தவர்களுக்கு: எந்த இணைய ஆதரவுக் குழு யாருக்குப் பொருந்தும்?

தற்கொலையால் ஒருவரை இழந்த வீட்டில், சில வாரங்களில் வந்துபோகிறவர்கள் குறைந்துவிடுவார்கள். கூப்பிட்டு விசாரிப்பவர்களும் மெல்ல நின்றுபோவார்கள். பலர் போனை எடுத்துத் தேட ஆரம்பிப்பது அப்போதுதான், பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல். இதே இழப்பைப் பார்த்தவர்கள் யாராவது எங்கேயாவது பேசிக்கொள்கிறார்களா என்று தேடுவார்கள். தேடினால் ஐந்து விதமான இடங்கள் கிடைக்கும்: புனைபெயரில் எழுதும் மன்றங்கள், ஃபேஸ்புக் தனிக் குழுக்கள், வாட்ஸ்அப் அல்லது டெலிகிராம் குழுக்கள், குறித்த நேரத்தில் கூடும் வீடியோ சந்திப்புகள், பயிற்சி பெற்ற ஒருவரோடு தனியாகப் பேசும் ஏற்பாடு. எதில் சேர்வது என்று தெரியாமல் நிற்பவர்கள் நிறைய. அவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு.

எங்கள் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறோம். எந்த ஆப் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவர் "நானும் போய்விடப் போகிறேன்" என்று எழுதினால் அந்தக் குழுவில் என்ன நடக்கும்? இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் வைத்திருக்கிற இடத்தில்தான் சேர வேண்டும்.

## குழுவைத் தேடும் முன்

நெருங்கியவர் ஒருவரைத் திடீரென இழந்த 3,432 பேரிடம், பிரிட்டன் பல்கலைக்கழகப் பணியாளர்களும் மாணவர்களுமான இளவயதினரிடம், நடத்திய ஆய்வு ஒன்று 2016-இல் வெளியானது. தற்கொலையால் இழந்தவர்கள் தாங்களும் உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வதற்கான வாய்ப்பு, நோய் போன்ற இயற்கைக் காரணத்தால் திடீரென இழந்தவர்களைவிட 65 சதவீதம் அதிகம் என்று அதில் தெரியவந்தது. இறந்தவர் ரத்த உறவா, நண்பரா என்பதால் இதில் வித்தியாசம் இல்லை.

"அவன் இருக்கும் இடத்துக்கே போய்விட்டால் போதும்" என்ற ஏக்கம் இந்த இழப்பில் பலருக்கும் வரும். குழுக்களில் அதைத் தயங்காமல் சொல்லலாம். ஆனால் அந்த ஏக்கம் எப்படி, எப்போது என்ற யோசனையாக மாறியிருந்தால் குழுவில் பதிவு போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊரின் அவசர உதவி எண்ணையோ தற்கொலைத் தடுப்பு எண்ணையோ உடனே அழையுங்கள். பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் சொல்லி, தனியாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழுவில் இருப்பவர்களும் அடிபட்டவர்கள்தான். அவர்கள் தூங்கிக்கொண்டிருக்கலாம், பதில் காலையில்தான் வரலாம்.

இறந்தவரை முதலில் கண்டவர் நீங்கள் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் காட்சி கண்முன் திரும்பத் திரும்ப வருகிறது, அந்த அறைப் பக்கமே போக முடியவில்லை, தூக்கம் கலைந்து கலைந்து போகிறது என்றால் அது மன அதிர்ச்சி. அதற்கென்று சிகிச்சை இருக்கிறது. குழு அந்தச் சிகிச்சையின் கூடவே இருக்கலாம், அதற்கு மாற்று ஆகாது.

## எதை வைத்து எடை போடுவது

யார் கவனிக்கிறார்கள். இதற்கே அதிக எடை கொடுங்கள். சேரும் முன்பே அட்மினிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். எத்தனை பேர் நிர்வகிக்கிறீர்கள்? அவர்கள் என்ன பயிற்சி எடுத்தவர்கள்? ஒருவர் ஆபத்தில் இருப்பதாக எழுதினால் என்ன செய்வீர்கள்? இறந்த விதத்தை விவரித்து எழுதலாமா? கடைசிக் கேள்விக்கு "கூடாது, அப்படி எழுதினால் எடுத்துவிடுவோம்" என்ற பதில் வர வேண்டும். முறையை விவரிப்பதும், கடைசிக் கடிதத்தின் படத்தைப் போடுவதும் படிக்கிற இன்னொருவரைக் கவிழ்த்துவிடக்கூடியவை. எழுதுகிறவரைக் காயப்படுத்தாமல் அதைச் சொல்லி எடுக்கத் தெரிந்த நிர்வாகி இருக்கும் குழுவைக் கண்டால் விடாதீர்கள். நிர்வாகியும் தன் வீட்டில் ஒருவரை இழந்தவராக இருப்பது நல்லதுதான். ஆனால் இழந்து இரண்டே மாதமான ஒருவர் தனியாளாக நடத்தும் குழு, அவர் உடைந்துபோகும் அன்றே நின்றுவிடும். உலக சுகாதார நிறுவனம் இப்படிப்பட்ட குழுவைத் தொடங்குவது எப்படி என்று 2008-இலேயே ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. தொடங்க நினைப்பவர்கள் முதலில் அதைப் படித்துவிட வேண்டும்.

யாரோடு சேர்கிறீர்கள். பிள்ளையை இழந்தவருடைய கேள்விகளும் கணவனை இழந்தவருடைய கேள்விகளும் வேறு வேறு. பெற்றவர்களை "நான் வளர்த்த விதம்தான் தப்போ" என்ற கேள்வி அரிக்கும். துணையை இழந்தவருக்கோ, இறந்தவர் வீட்டார் தன்மீது போடும் பழி, பிள்ளைகளிடம் எதைச் சொல்வது, கடன், வருமானம் எல்லாம் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். உடன்பிறந்தவர்கள், நண்பர்கள், பிரிந்துபோன முன்னாள் துணைகள் ஆகியோரைப் பொதுக் குழுக்களில் யாரும் வேண்டுமென்று ஒதுக்குவதில்லை. பெற்றவர்களுக்கு முன்னால் தாங்கள் பேசக்கூடாது என்று அவர்களே பின்வாங்கிவிடுவார்கள். அவர்களுக்கு உறவுவாரியாகப் பிரித்த குழுவே நல்லது. இழந்து எத்தனை காலம் ஆயிற்று என்பதும் முக்கியம். மூன்று வாரமானவருக்கு மூன்று வருடமான ஒருவரைப் பார்த்தால் 'இவர் இன்னும் இருக்கிறாரே' என்று தெம்பு வரும். எல்லோரும் புதிதாக இழந்தவர்களாக இருக்கும் குழுவில் அந்தத் தெம்பைக் கொடுக்க ஆளில்லை.

உங்கள் அடையாளம் எவ்வளவு வெளியே தெரியும். பெயர் மட்டும் அடையாளம் இல்லை. போன் எண், புரொஃபைல் படம், இறந்த தேதி, வயது, வேலை என்று நாலு விவரம் சேர்ந்தாலே தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். விசாரணை, காப்பீட்டுக் கோரிக்கை, சொத்து வழக்கு ஏதாவது நடந்துகொண்டிருந்தால் குழுவில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் எழுத்துச் சான்றுதான். "அன்றைக்கு நான் திட்டியிருக்கக்கூடாது" என்ற வரியை ஸ்கிரீன்ஷாட் எடுக்க ஒருவர் போதும்.

எப்போது பதில் வரும், எப்படி வெளியே வருவது. சிலருக்குக் கேட்ட நிமிடமே ஒரு குரல் வேண்டும். சிலருக்கு எழுதி வைத்துவிட்டு இரண்டு நாள் கழித்து வந்து பார்ப்பதுதான் முடியும். எதுவானாலும், ஓசைப்படாமல் ஒதுங்கவும் திரும்பி வரவும் வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

## புனைபெயரில் எழுதும் மன்றம்

முதல் சில மாதங்களுக்கு நாங்கள் அதிகம் பரிந்துரைப்பது இதைத்தான். நேரக் கணக்கு கிடையாது, முகம் காட்ட வேண்டாம், எழுதாமல் வெறுமனே படித்துக்கொண்டிருக்கலாம். பல வருடப் பதிவுகள் அங்கேயே இருப்பதால் "ஆறாவது மாதம்", "முதல் பிறந்தநாள்", "அவர் பொருட்களை என்ன செய்வது" என்று தேடினால், நீங்கள் இன்று நிற்கும் அதே இடத்தில் நின்றவர் எழுதியது கிடைக்கும். அவரே ஒரு வருடம் கழித்து எழுதியதையும் தேடிப் படிக்கலாம். இந்த வசதி மற்ற நான்கு இடங்களிலும் அநேகமாகக் கிடைக்காது.

இங்கே ஒருவர் கொடுக்கும் விலை வெளியே தெரியாது. மனதைப் பிழிந்து எழுதிப் போட்ட பதிவுக்கு ஒன்பது மணி நேரம் யாருமே பதில் எழுதாவிட்டால், ஏற்கெனவே கைவிடப்பட்டதாக உணர்கிறவருக்கு அது இன்னொரு அடி. அதனால் முதல் பதிவைச் சுருக்கமாக, கேள்வியோடு எழுதுங்கள்: "என் தம்பியை இழந்து 40 நாள் ஆகிறது. வேலைக்குத் திரும்ப வேண்டும். ஆபீஸில் கேட்பவர்களிடம் என்ன சொன்னீர்கள்?" கேள்வி இருந்தால் பதில் எழுதுவது மற்றவர்களுக்கும் சுலபம். நீளமானதைப் பிறகு எழுதலாம்.

திறந்த மன்றத்தில் எழுதுவது கூகுள் தேடலில் வரக்கூடும், சேரும் முன் அதைப் பாருங்கள். வேறெங்கும் பயன்படுத்தாத புனைபெயர், தனி மின்னஞ்சல் இரண்டும் தேவை. தேதியைச் சற்று மாற்றி எழுதினாலும் தவறில்லை. இறந்தவரோடு பேச வைக்கிறேன் என்று தனிச்செய்தி அனுப்பிப் பணம் கேட்பவர்களும், பேட்டி கேட்பவர்களும் இப்படிப்பட்ட இடங்களில்தான் சுற்றுவார்கள். முதல் நாளே தனிச்செய்தியை முடக்கிவிடுங்கள்.

இன்னொரு தொல்லை, நிறுத்த முடியாமல் போவது. 'ஏன்' என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும் என்று ஒவ்வொருவர் கதையாகப் படித்துக்கொண்டே போய், விடிந்துவிடும். இரவில் அரை மணி நேரம் என்று அலாரம் வைத்துப் படிப்பது நன்றாக உதவுகிறது.

## ஃபேஸ்புக் தனிக் குழு

ஏற்கெனவே கணக்கு இருந்தால் நுழைவது எளிது, ஆட்களும் அதிகம், அதனால் பதில் சீக்கிரம் வரும். "பிள்ளையை இழந்த பெற்றோர்", "துணையை இழந்தவர்கள்" என்று பிரித்த குழுக்களும் கிடைக்கும்.

சிக்கல் அடையாளத்தில்தான். தனிக் குழுவாக இருந்தாலும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் உங்கள் பெயரும் படமும் தெரியும். உங்கள் நண்பர் பட்டியலில் இருக்கும் ஒருவர் அதே குழுவில் இருந்தால் அவருக்கும் தெரியும். பெயர் காட்டாமல் பதிவிடும் வசதி இருந்தாலும் அட்மின்களுக்கு நீங்கள் யாரென்று தெரியவரலாம் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். மரணத்தை வெளியே வேறு காரணம் சொல்லி வைத்திருக்கும் குடும்பம் என்றால் இந்த வழி வேண்டாம்.

இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படாதது. குடும்பப் படங்களும் விளம்பரங்களும் ஓடும் அதே பக்கத்தில், எதிர்பாராத நேரத்தில், யாரோ ஒருவரின் இழப்புப் பதிவு வந்து நிற்கும். குழுவின் நோட்டிஃபிகேஷனை நிறுத்திவிட்டு, பதிவுகள் உங்கள் பக்கத்தில் வராதபடி 'அன்ஃபாலோ' செய்துகொள்ளலாம். உறுப்பினராகவே இருக்கலாம், தெம்பு இருக்கும்போது நீங்களாக உள்ளே போய்ப் பார்க்கலாம்.

## வாட்ஸ்அப், டெலிகிராம் குழு

தொடங்குவதற்குச் சுலபமானது, கெட்டுப்போவதும் சீக்கிரம்.

பத்துப் பதினைந்து பேர், எல்லோரும் ஏற்கெனவே ஒரு சந்திப்பிலோ நிகழ்ச்சித் தொடரிலோ அறிமுகமானவர்கள் என்றால் இதைவிட நெருக்கமான இடம் வேறில்லை. "இன்றைக்கு அவள் பிறந்தநாள்" என்று ஒரு வரி போட்டால் போதும், பத்து நிமிடத்தில் நாலு பேர் வந்து நிற்பார்கள். இருநூறு பேர் லிங்க் வழியாகச் சேர்ந்த குழுவில் அது நடக்காது. நேற்று இழந்தவர் எழுதிய செய்திக்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள் வரும். அதற்கும் கீழே யாரோ ஒருவரின் காலை வணக்கம். சாயங்காலத்துக்குள் அவர் எழுதியது மேலே போய் மறைந்திருக்கும். வாட்ஸ்அப் ஒரு குழுவில் 1,024 பேர் வரை அனுமதிக்கிறது. இந்த மாதிரி இழப்புக்கு அதில் ஐம்பதில் ஒரு பங்கே தாராளம்.

கவனிக்க வேண்டியவை இவை. வாட்ஸ்அப் குழுவில் உங்கள் போன் எண் எல்லோருக்கும் தெரியும். டெலிகிராமில் உங்கள் தொடர்புப் பட்டியலில் இல்லாதவர்களுக்கு எண் பொதுவாகத் தெரியாது, ஆனால் அமைப்பில் போய் அது எப்படி இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பிலிருந்து வெளியேறினால் அட்மின்களுக்கு மட்டும் தகவல் போகும் என்றாலும், விலகியவர்கள் பட்டியலில் உங்கள் பெயர் 60 நாள் வரை மற்றவர்கள் பார்க்கும்படி இருக்கும். தானாக அழியும் செய்திகள் வசதி ஸ்கிரீன்ஷாட்டைத் தடுக்காது. முக்கியமாக, பூட்டிய திரையிலும் குழுவின் பெயரும் முதல் வரியும் தெரியக்கூடும். சிறு பிள்ளைகள் கையில் போன் போகும் வீடு என்றால் முதல் வேலையாக அந்த முன்னோட்டத்தை நிறுத்துங்கள். அட்மினிடம் சொல்லிக் குழுவின் பெயரில் 'தற்கொலை' என்ற சொல் வராமல் பார்த்துக்கொள்ளலாம்.

இரவு பத்து முதல் காலை ஆறு வரை அட்மின்கள் மட்டும் செய்தி அனுப்பும்படி வைத்திருக்கும் குழுக்கள் உண்டு. கேட்க மனமில்லாதது போல் தோன்றும். பொறுப்பானவர்கள் விழித்திராத நேரத்தில் ஒருவர் ஆபத்தில் எழுதி யாருமே பதில் சொல்லாமல் போவதைவிட, அந்த நேரத்தில் அழைக்க வேண்டிய உதவி எண்ணைக் குழுவின் முகப்பில் போட்டுவிட்டு மூடி வைப்பதே பாதுகாப்பு.

## வீடியோ சந்திப்பு

ஒரு குரலையும் முகத்தையும் பார்த்துப் பேசுவதற்கு எழுத்து ஈடாகாது, குறிப்பாகக் குற்ற உணர்ச்சி விஷயத்தில். "உன் தப்பில்லை" என்று நூறு பேர் எழுதுவதைக் காட்டிலும், தன் மகனைப் பற்றி அதே கேள்வியைக் கேட்டுக்கொண்ட ஒரு தாய் எதிரே உட்கார்ந்து தலையசைப்பது ஆழமாக இறங்கும்.

இரண்டு வகை உண்டு. திறந்த சந்திப்புக்கு யாரும் எந்த வாரமும் வரலாம். மூடிய தொடரில் அதே ஆட்கள் ஆறு முதல் பத்து வாரம் வரை கூடுவார்கள், நடுவில் யாரையும் சேர்ப்பதில்லை. திறந்ததில் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். தொடரில் நாலாவது வாரத்துக்கு மேல் பேச்சு தானாக ஆழமாகும். ஆனால் இழந்து சில மாதங்களாவது ஆகியிருக்க வேண்டும் என்று பல தொடர்கள் கேட்கின்றன. முதல் வாரங்களின் மரத்துப்போன நிலையில் மற்ற ஏழெட்டுப் பேரின் கதைகளையும் கேட்கும் பலம் இருக்காது என்பதே காரணம். மறுத்துவிட்டார்கள் என்று வருந்த வேண்டாம்.

நன்றாக நடக்கும் சந்திப்பில் எட்டுப் பன்னிரண்டு பேர், ஒன்றரை மணி நேரம், இரண்டு நெறியாளர்கள் இருப்பார்கள். ஒருவர் பேச்சை நடத்துவார். மற்றவர் முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது சட்டென்று இணைப்பைத் துண்டித்துவிட்டால் அவரைக் கூப்பிட்டு விசாரிப்பது இந்த இரண்டாமவரின் வேலை. பதிவு செய்யும்போது உங்கள் எண்ணையும் அவசரத்துக்கு இன்னொருவர் எண்ணையும் கேட்பது இதற்குத்தான். ஒரே நெறியாளர், முப்பது பேர் என்றால் போக வேண்டாம். ஜூம் இலவசக் கணக்கில் நடத்தினால் 40 நிமிடத்தில் அறுந்துவிடும், ஒருவர் அழுதுகொண்டிருக்கும்போதே அறுந்த சந்திப்புகள் உண்டு. முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

உங்கள் பக்கம் செய்ய வேண்டியவை: கணக்கில் முழுப்பெயர் இருந்தால் நுழையும் முன் மாற்றுங்கள். ஹெட்போன் போடுங்கள், மற்றவர்கள் சொல்வது உங்கள் வீட்டார் காதில் விழக்கூடாது. முதல் முறை "கேட்க மட்டும் வந்தேன்" என்று சொல்லலாம், நல்ல குழு வற்புறுத்தாது. சந்திப்பு முடிந்த கையோடு வேலைக்கோ சமையலுக்கோ போகும்படி நேரத்தை வைக்காதீர்கள். திரை அணைந்ததும் அறை காலியாகிவிடும், அந்த அரை மணி நேரம் பலருக்கும் கனம். யாரிடமாவது போன் பேச ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், அல்லது சற்று நடந்துவிட்டு வாருங்கள்.

ஒரே மரணத்தில் இழந்த இரண்டு பேர், உதாரணத்துக்கு மனைவியும் மாமியாரும், ஒரே சந்திப்பில் சேர்வதைத் தவிர்க்க வேண்டும். கோபமும் பழியும் சொல்லப்பட வேண்டியவை, ஆனால் அவரை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. ஒருவர் வேறு குழுவுக்குப் போனால் இருவருக்கும் நல்லது.

## ஒருவரோடு ஒருவர்

இதே வகை இழப்பைச் சந்தித்து, சில வருடம் கடந்து, பயிற்சியும் எடுத்த தன்னார்வலர் ஒருவரை உங்களுக்கென்று இணைத்துவிடுவார்கள். போனிலோ வீடியோவிலோ பேசலாம். கூட்டம் ஒத்துவராதவர்கள், சங்கடமான சூழலில் இழந்தவர்கள், மற்றவர் கதையைக் கேட்கும் சக்தி இல்லாதவர்கள் இதை முதலில் பார்க்கலாம். இறந்தவரிடம் அடிபட்டு வாழ்ந்தவர்களும் அதில் சேர்த்தி. "அவர் போனதில் எனக்கு ஒரு நிம்மதியும் இருக்கிறது" என்பதைக் குழுவில் சொல்ல நா எழாது. தனியாகச் சொல்லிவிடலாம்.

குறைகள்: ஆள் கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம், எத்தனை முறை என்று வரம்பு இருக்கும், அந்த ஒருவரோடு ஒத்துப்போகாவிட்டால் எல்லாமே வீணானதுபோல் தோன்றும். வேறொருவரைக் கேட்பது உங்கள் உரிமை, ஒழுங்கான அமைப்பு காரணம் கேட்காமல் மாற்றித் தரும். நள்ளிரவில் கூப்பிடலாம் என்று அவர் சொந்த எண்ணைத் தந்தால் வாங்காதீர்கள். எல்லை இல்லாத உதவி நாலு மாதத்தில் இருவரையும் களைக்க வைக்கும்.

## ஒரே பார்வையில்

| இடம் | அடையாளம் | பதில் | மறைந்திருக்கும் விலை | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| மன்றம் | புனைபெயர் போதும் | மணிக்கணக்கில் | பதிலில்லாப் பதிவு, இரவெல்லாம் படிப்பது | முதல் மாதங்கள், ரகசியம் வேண்டியவர்கள் |
| ஃபேஸ்புக் குழு | பெயரும் படமும் தெரியும் | விரைவு | எதிர்பாராமல் கண்ணில் படும் பதிவுகள் | மரணத்தின் காரணத்தை மறைக்காதவர்கள் |
| வாட்ஸ்அப், டெலிகிராம் | போன் எண் தெரியக்கூடும் | நிமிடங்களில் | நாள் முழுக்கச் சத்தம் | ஏற்கெனவே அறிமுகமான சிறு குழு |
| வீடியோ சந்திப்பு | முகமும் குரலும் | குறித்த நாளில் | முடிந்த பின் வரும் கனம் | சில மாதம் கடந்தவர்கள், குற்ற உணர்ச்சி அரிப்பவர்கள் |
| தனி ஆள் | ஒருவருக்கு மட்டும் | ஏற்பாட்டின்படி | காத்திருப்பு | கூட்டத்தில் சொல்ல முடியாதது உள்ளவர்கள் |

ஒன்றை மட்டும்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. மன்றத்தில் படிப்பதும் மாதம் ஒரு வீடியோ சந்திப்பும் சேர்ந்தது பலருக்கும் ஒத்துவருகிறது. மூன்றுக்கு மேல் போனால் நாள் முழுக்க இழப்பைப் பற்றியே பேசுவதாகிவிடும்.

## முதல் மூன்று வாரம், அதன் பிறகு

சேர்ந்த பிறகு ஒவ்வொரு முறையும் ஒன்றைக் குறித்து வையுங்கள்: உள்ளே போகும் முன் எப்படி இருந்தது, இரண்டு மணி நேரம் கழித்து எப்படி இருக்கிறது. உடனே அழுகை வருவது சகஜம், அது கெட்ட அறிகுறி இல்லை. மறுநாளும் எழ முடியவில்லை, மற்றவர்களின் கதைகள் கனவில் வருகின்றன, யாருக்காவது பதில் எழுதாவிட்டால் அவர் போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது என்றால் அந்த இடம் உங்களுக்கு அதிகம். அந்தக் கடைசிப் பயம் இந்த இழப்பைப் பார்த்தவர்களை எளிதாகப் பிடித்துக்கொள்ளும். அதை நிர்வாகியிடம் சொல்லுங்கள், அந்த ஆளைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு.

நினைவு நாள், பிறந்தநாள் நெருங்கும் இரண்டு வாரமும் எல்லாம் மறுபடி கிளம்பும். குழுவை விட்டு விலகும் முடிவை அந்த நாட்களில் எடுக்காதீர்கள், சற்றுத் தள்ளிப்போடுங்கள். மறுபக்கம், பல மாதம் கடந்தும் அன்றாட வேலைகளே நடக்காதபடி துக்கம் அதே வேகத்தில் இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். நீடித்த துக்கக் கோளாறு என்பதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு குறைந்தது 6 மாதம் என்றும், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு பெரியவர்களுக்கு 12 மாதம் என்றும் வரையறை வைத்திருக்கின்றன. அதுவரை காத்திருந்துதான் போக வேண்டும் என்று இல்லை.

விலகுவதாக இருந்தால் ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள். இந்தக் குழுக்களில் ஒருவர் சொல்லாமல் காணாமல் போனால் மீதிப் பேர் பயந்துவிடுவார்கள். "நான் நலமாக இருக்கிறேன். சில நாள் ஓய்வு எடுத்துக்கொள்கிறேன். தேவைப்பட்டால் வருவேன்" என்று எழுதினால் போதும்.